அவர் ஜெயித்துக்கொண்டிருந்த வருடம்

என் கணவர் ஒரே வாரத்தில் மூன்று முறை அரிசி வாங்கி வந்தார். மூன்றாவது மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் லிஃப்டிலிருந்து வெளியே வந்தபோது நான் வாசலில் நின்று சிரித்தேன்.

"என்னங்க, கடை வைக்கப் போறீங்களா?"

அவர் சமையலறைக்குள் போய், அங்கே ஏற்கெனவே இருந்த இரண்டு மூட்டைகளைப் பார்த்தார். பிறகு, "ஆஃபர் லா. நாளைக்குப் போனா கிடைக்காது" என்றார்.

அது வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அவருடைய நண்பர் பாயின் கடையில் மூன்று ஆட்டம் சதுரங்கம் ஆடி மூன்றிலும் ஜெயித்துவிட்டு வந்தார். அதோடு அரிசி விஷயத்தை நான் மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்று எழுதுகிறேன். உண்மையில் தள்ளி வைத்தேன்.

நாங்கள் மலேசியாவில், பினாங்குத் தீவின் சுங்கை பினாங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்தேன். பெரும்பாலும் ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத்தான் பாடம் எடுத்தேன். அவர் கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். காலை ஏழு மணிக்கு ஷிஃப்ட், மூன்று மணிக்கு முடியும். ஒரே மகள் ஜொகூரில் வேலை பார்க்கிறாள். இதைத் தவிர அவருக்கு ஒன்று இருந்தது. சதுரங்கம். பள்ளி நாளில் மாநிலத்துக்காக ஆடியவர். கல்யாணம் பேச வந்தபோதே அவருடைய அக்கா அதைத்தான் முதலில் சொன்னார்.

மகள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது, பாலத்தில் கார் நெரிசலில் நிற்கும் நேரங்களில் அவர் அவளோடு ஆடுவார். அவள் பின் இருக்கையில் காந்தப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு காய்களை நகர்த்துவாள். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் போகிற லாரியைப் பார்த்தபடியே, "குதிரை எஃப் த்ரீ" என்பார். பலகையை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்க மாட்டார். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அவள் தோற்றிருப்பாள். சொந்தக்காரர்கள் அவருக்குக் கம்ப்யூட்டர் மூளை என்பார்கள். இந்த மாதிரி ஆளுக்கெல்லாம் வயதான காலத்தில் மறதி வராது என்று சொல்வார்கள். நானும் அதைத் தலையாட்டிக் கேட்டுக்கொள்வேன். கடைக்குப் போனால் நான்கு சாமானில் இரண்டை மறந்துவிட்டு வருகிற மனிதர்தான் அவர், இளவயதிலேயே. கம்ப்யூட்டர் மூளை ஏன் கொத்தமல்லியை மறக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

ஒரு தடவை மட்டும் அவரிடம் கேட்டேன், இத்தனை காய் எப்படி ஞாபகம் இருக்கிறது என்று.

"காயை யாரு பாக்குறா?" என்றார். "நீ 'அம்மா'ன்னு எழுதியிருந்தா எழுத்து எழுத்தாவா படிக்கிற? பாத்தவுடனே சொல் தெரியுதுல்ல? அப்படித்தான். ராஜாவுக்குப் பக்கத்துல கோட்டை, முன்னால மூணு சிப்பாய், அதைக் காக்குற குதிரை. எனக்கு அது அஞ்சாறு காய் இல்ல. ஒரே சொல்."

அது எனக்கு உடனே புரிந்தது. ஜனவரியில் என் வகுப்புக்கு வரும் பிள்ளை 'ப', 'ட', 'ம்' என்று விரல் வைத்துத் தடவும். ஏழெட்டு மாதம் கழித்து ஒரு நாள் விரல் தானாக நின்றுபோகும். 'படம்' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, தானே ஆச்சரியப்பட்டு என்னைப் பார்க்கும். அவர் கண்ணுக்கு அந்தப் பலகை அப்படிப்பட்ட புத்தகம்.

அரிசிக்குப் பிறகு வந்தது கார். ஒரு சனிக்கிழமை காய்கறி வாங்கப் பசாருக்குக் காரில் போனவர் பஸ்ஸில் திரும்பி வந்தார். நான் கவனிக்கவில்லை. மறுநாள் காலை கீழே இறங்கிப் போனவர் மூச்சு வாங்க மேலே ஓடி வந்தார். "காடியை எவனோ தூக்கிட்டான்!" இரண்டு பேரும் போலீஸ் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தோம். மத்தியானம் என்னுடன் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் போன் செய்தார். உங்கள் கார் பசார் பக்கத்தில் நிற்கிறதே, கண்ணாடியில் அபராதச் சம்மன் செருகியிருக்கிறதே என்றார். திரும்பவும் போலீஸ் நிலையத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரித்தார், போலீஸ்காரரும் சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் நான் செய்தது என்ன தெரியுமா? பாய்க்குப் போன் செய்தேன்.

பாய் என்பவர் டவுனில் ஒரு சின்ன நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருப்பவர். என் கணவரைவிட எட்டு வயது இளையவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் பின்பக்க மேசையைத் துடைத்துவிட்டு இருவரும் உட்கார்ந்துவிடுவார்கள். பதினைந்து வருடமாக அப்படித்தான். பதினைந்து வருடமாகப் பாய்தான் பெரும்பாலும் தோற்றுக்கொண்டிருந்தார்.

"எப்படி பாய் ஆடுனாரு இன்னைக்கு?"

"எதுக்குக்கா கேக்குறீங்க? மூணும் போச்சு. அண்ணன் என்னைத் தொடைச்சு எடுத்துட்டாரு."

எனக்கு நிம்மதி வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தப் போன் எனக்கு மருந்து மாதிரி ஆகிவிட்டது. திங்கட்கிழமை அவர் செத்துப்போன என் அம்மாவுக்குக் காப்பி கலக்கச் சொன்னால், ஞாயிற்றுக்கிழமை அவர் ஜெயித்ததை நினைத்துக்கொள்வேன். புதன்கிழமை, பத்து வருடமாகப் போடுகிற ஏ.டி.எம். எண்ணை மறந்துவிட்டு மெஷின் முன்னால் நின்றால், அடுத்த ஞாயிறு வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பேன்.

மகள் போனில் சொன்னாள், "அம்மா, அப்பா என்கிட்ட ஒரே கேள்விய நாலு தடவ கேட்டாரு. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்கம்மா. ப்ளீஸ்."

"வயசாச்சு, அப்படித்தான் இருக்கும். மூளை கெட்டுப் போனவரு செஸ்ல ஜெயிப்பாராடி?"

அவள் போனை வைத்துவிட்டாள். என்ன சொல்வாள்? எனக்கே அது அசைக்க முடியாத வாதமாகத் தோன்றியது. அப்படி ஒரு வருடம் போனது.

பிறகு அந்தப் புதன்கிழமை வந்தது. மூன்று மணிக்கு வேலை முடிந்தால் நான்கரைக்குள் வீட்டில் இருப்பார். ஐந்து மணியாகியும் வரவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. தொழிற்சாலைக் காவலாளி, மூன்று மணிக்கே கேட்டைத் தாண்டிப் போய்விட்டார் என்றார். ஐந்தரைக்கு நான் பாயைக் கூப்பிட்டேன். அவர் கடையைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு வேனை எடுத்துக்கொண்டு வந்தார். பாலத்தில் ஏறியபோது நான் இரண்டு பக்கத் தடுப்பையும் பார்த்துக்கொண்டே போனேன், எங்கேயாவது உடைந்திருக்கிறதா என்று. கடலைப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. வாய் என்னென்னவோ வேண்டிக்கொண்டது. போனைத் தவறவிட்டேன். அது இருக்கைக்கு அடியில் போய் விழுந்தது. அப்போதுதான் அது அடித்தது.

பாய் வேனை ஓரங்கட்டி, குனிந்து எடுத்துக் கொடுத்தார். ஒரு பெண் குரல்.

"அக்கா, இங்க ஒரு அண்ணன் இருக்காரு. அவரு போன்ல உங்க நம்பர்தான் நெறய இருந்துச்சு. தாசேக் கெலுகோர்ல பெட்ரோல் ஸ்டேஷன்லேர்ந்து பேசுறேன். வீடு எந்தப் பக்கம்னு என்கிட்ட கேக்குறாரு அக்கா. பயப்படாதீங்க, உக்கார வச்சிருக்கேன்."

ஜுருவிலிருந்து வீட்டுக்கு மேற்கே பாலம் ஏற வேண்டும். அவர் வடக்கே போயிருக்கிறார். நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, செம்பனைத் தோட்டத்துச் சாலைகளில் சுற்றிச் சுற்றி, எண்ணெய் தீர்கிற நிலையில் அங்கே வந்து சேர்ந்திருக்கிறார். நாங்கள் போனபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் கையில் மைலோ பான டப்பாவோடு உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க வேர்த்திருந்தது. என்னைப் பார்த்து, "நீ எப்படி இங்க வந்த?" என்றார். பாயைப் பார்த்ததும்தான் முகம் மலர்ந்தது.

"வா பாய்! போன வாரம் நீ தோத்த ஆட்டத்தத்தான் நெனச்சிட்டு இருந்தேன். அந்த மந்திரிய நீ குடுத்திருக்கக் கூடாது."

சொல்லிவிட்டு முதல் நகர்விலிருந்து தொடங்கினார். காய் காயாக, ஒன்று விடாமல், கடைசிவரை. அந்தப் பெண் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு நிமிடம், கடவுளே, இவர் நன்றாகத்தானே இருக்கிறார் என்று தோன்றியது. அந்த நிலையிலும் அப்படித் தோன்றியது.

திரும்பி வரும்போது அவர் பின் இருக்கையில் தூங்கிவிட்டார். பாய் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அக்கா, அது போன வார ஆட்டம் இல்ல. பத்து வருஷம் இருக்கும். என் மக பொறந்த அன்னைக்கு ஆடுனது."

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் ஓர் இளம் தமிழ்ப் பெண். ஐந்து சொற்களைச் சொல்லி, சற்று நேரம் கழித்து அவரைத் திரும்பச் சொல்லச் சொன்னார். ஒன்று வந்தது. கடிகாரம் வரையச் சொன்னார். எண்கள் எல்லாம் ஒரு பக்கமாகக் குவிந்து நின்றன. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"டாக்டர், இதெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு. அவருக்கு மனசு பதியல. செஸ் குடுத்துப் பாருங்க. அப்ப தெரியும் அவரு யாருன்னு."

டாக்டர் என்னை அடக்கவில்லை. அடுத்த சந்திப்புக்கு நிஜமாகவே ஒரு பலகையைக் கொண்டுவந்திருந்தார். யாரோ ஆடிய ஓர் ஆட்டத்தின் நடுக்கட்ட நிலையை அடுக்கி, ஐந்து விநாடி காட்டிவிட்டு, ஓர் அட்டையால் மறைத்தார். என் கணவர் வெறும் பலகையில் மளமளவென்று காய்களை வைத்தார். இருபத்திரண்டில் பத்தொன்பது சரி. டாக்டர் என்னையும் வைக்கச் சொன்னார். எனக்கு நான்குதான் வந்தது. நான் டாக்டரைப் பெருமையோடு பார்த்தேன்.

"இப்ப இதைப் பாருங்க சார்," என்று அதே காய்களைக் கண்ணை மூடிக்கொண்டு வைத்தது போலத் தாறுமாறாக அடுக்கினார். ஐந்து விநாடி. அட்டை.

அவர் கை மேலே எழுந்து அப்படியே நின்றது. "இது என்ன ஆட்டம்? எந்த மடையனும் இப்படி வைக்க மாட்டான்" என்றார். கடைசியில் இரண்டு காய் வைத்தார். எனக்கு மறுபடியும் நான்கு வந்தது. கல்யாணமாகி முப்பது வருடத்தில் சதுரங்கப் பலகையில் நான் அவரை ஜெயித்தது அன்றுதான். வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் உணர்ந்ததில்லை.

டாக்டர் என்னைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னார். "அம்மா, நல்லா இருக்குற செஸ் ஆட்டக்காரங்களுக்கும் ரெண்டாவது வகை கஷ்டம்தான். ஏன்னா அவங்ககிட்ட இருக்கிறது பெரிய ஞாபக சக்தி இல்ல. வருஷக்கணக்கா பாத்துப் பாத்து மூளைக்குள்ள பதிஞ்சுபோன வடிவங்க. அது ரொம்ப ஆழமா வேர் விட்டிருக்கு, அதனால தாக்குப்பிடிக்குது. இன்னைக்கு நடந்ததைப் பதிய வைக்கிற இடம் வேற. நோய் அங்கதான் ஆரம்பிச்சிருக்கு. ஆரம்பிச்சு ரெண்டு வருஷமாவது ஆகியிருக்கும்."

"முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா?"

"குணப்படுத்தியிருக்க முடியாதும்மா," என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "அவரு அவரா இருக்கும்போதே அவர்கிட்ட எல்லாத்தையும் பேசியிருக்கலாம். அவ்வளவுதான்" என்றார்.

அவ்வளவுதான்.

என் கணவர் வேலையை விட்டார். கார்ச் சாவியை நான் வாங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் விடவில்லை. இப்போது நானும் கூடப் போய் உட்கார்ந்தேன். அவர் ஜெயித்துக்கொண்டே இருந்தார். எனக்கு அந்த ஜெயம் எதையும் நிரூபிக்காது என்று தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் உள்ளே ஏதோ ஒன்று எழுந்து உட்காரும்.

இப்படி எட்டு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிறு, பாய் ஒரு குதிரையை நகர்த்திவிட்டுக் கையை எடுத்தார். என் கணவர் பலகையையே பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"அதை ஏன் அங்க வச்ச?"

"தெரியாம வச்சுட்டேன் அண்ணே."

"பதினஞ்சு வருஷமா அந்த இடத்துல நீ தெரியாம வச்சதில்ல. எடு. ஒழுங்கா ஆடு."

குரல் கண்டிப்பாக இருந்தது. பழைய குரல். பாய் குதிரையை எடுத்து வேறு இடத்தில் வைத்தார். அவர் பார்த்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசையில் யாரோ வந்து, சாப்பிட்டு, எழுந்து போனார்கள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நெற்றியில் வேர்வை துளிர்த்தது. விரல் ஒரு சிப்பாயைத் தொட்டது, விட்டது. மந்திரியைத் தொட்டது, விட்டது. என் வகுப்பில் முதல் வாரத்துப் பிள்ளை எழுத்தைத் தடவுகிற மாதிரி.

"ஒண்ணும் தெரியல," என்றார். "கட்டை கட்டையா நிக்கிது." பிறகு என் பக்கம் திரும்பினார். "என்னம்மா ஆச்சு எனக்கு?"

எத்தனையோ விஷயங்கள் அவரை விட்டுப் போயிருந்தன. போனதே அவருக்குத் தெரியவில்லை. வீட்டு முகவரி போனபோது அவர் அழவில்லை. இதில் மட்டும் அவர் தேர்ந்தவர். அதனால் இது போனது அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்டது அந்த ஒரு முறைதான். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லங்க, களைப்பு. வீட்டுக்குப் போலாம்" என்றேன்.

பாய் எழுந்து பின்பக்கம் போய்விட்டார். நான் போய்ப் பார்த்தபோது பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு நின்றிருந்தார்.

"முதல்ல உண்மையாவே ஜெயிச்சாருக்கா. அப்புறம்தான் நான்... நீங்க போன்ல கேக்கும்போது உங்க குரல் எனக்குத் தாங்கலக்கா."

எப்போதிலிருந்து விட்டுக்கொடுத்தார் என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

அதன் பிறகு நான் நடந்துகொண்டதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. நான் எத்தனை பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவள், இவருக்கு முடியாதா என்று ஒரு வெறி பிடித்தது. ஐம்பத்தைந்து வயதில் புத்தகம் வாங்கிச் சதுரங்கம் படித்தேன். பள்ளி விட்டு வந்ததும் அவரை மேசையில் உட்காரவைப்பேன். "இது கோட்டை. நேரா போகும்." அவரும் சொல்வார், "நேரா போகும்." "இது மந்திரி. குறுக்கே போகும்." "குறுக்கே போகும்." மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து. ஆறு வாரம். ஒரு சாயங்காலம் அவர் கோட்டையைக் கையில் எடுத்து, உப்புப் போடுகிற புட்டி என்று நினைத்துத் தட்டின் மேல் கவிழ்த்து உதறினார். நான் மேசையை ஓங்கி அடித்தேன்.

"நாப்பது வருஷம் ஆடுனீங்களே! நாப்பது வருஷம்! இது என்னன்னு சொல்லுங்க!"

காய்கள் தரையில் சிதறின. அவர் எழுந்து, நாற்காலிக்குப் பின்னால் போய், இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றார். அடிவாங்கப் போகிற மாணவன் மாதிரி. "மன்னிச்சிருங்க டீச்சர்" என்றார்.

அன்றிலிருந்து நான் அவருக்கு டீச்சர்தான். காய்களைப் பொறுக்கி ஒரு பையில் போட்டு, பாயிடம் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதமே விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தேன்.

போன பள்ளி விடுமுறையில் மகள் வந்தாள். அப்பாவின் அலமாரியைச் சுத்தம் செய்தபோது, அடுக்கடுக்காகப் பள்ளி நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களை வீட்டுக்கு வந்ததும் அவர் எழுதி வைப்பார். எனக்கு அது வெறும் எழுத்தும் எண்ணும்தான் என்பதால் நான் திறந்தே பார்த்ததில்லை. மகள் புரட்டிக்கொண்டே வந்தவள் ஒரு பக்கத்தில் நின்றாள். நோட்டை என்னிடம் நீட்டிவிட்டுப் பால்கனிக்குப் போய்விட்டாள்.

அரிசி வாங்கிய அந்த வருடத்து நோட்டு. ஆட்டங்களின் ஓரத்தில், சின்ன எழுத்தில், தமிழில் எழுதியிருந்தார். "அரிசி மூன்று முறை. அவள் சிரித்தாள், நல்லவேளை." இன்னொரு பக்கத்தில், "காடியை மறந்தேன். இன்று மூன்று ஆட்டமும் ஜெயித்தேன். அப்படியென்றால் மூளை சரியாகத்தான் இருக்கிறது." அதற்குப் பிறகு, "காலையில் அவள் பெயர் வரவில்லை. சமையலறை வாசலில் நின்று யோசித்தேன். வந்துவிட்டது. அவளிடம் சொல்ல வேண்டாம், பயப்படுவாள். ஞாயிறு ஆடிப் பார்த்துக்கொள்ளலாம்."

அந்த ஒரு வருடமும் நாங்கள் இருவரும் ஒரே வீட்டில், ஒரே ஞாயிற்றுக்கிழமைக்காகத் தனித்தனியாகக் காத்திருந்திருக்கிறோம். அவரும் பயந்திருக்கிறார். நானும் பயந்திருக்கிறேன். சோற்றைப் போட்டுக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்து, இன்று யார் ஜெயித்தது என்று மட்டும் பேசியிருக்கிறோம்.

நோட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். அவர் சோபாவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை அவர் மடியில் விரித்து வைத்தேன். அவர் எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினார்.

"கையெழுத்து நல்லா இருக்கு டீச்சர்," என்றார். "யாரு எழுதுனது?"

"எங்க வீட்டுக்காரர்."

அவர் மரியாதையாகத் தலையசைத்தார். பிறகு நோட்டை மூடி, இரண்டு கைகளாலும் பிடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.